கடல் கடந்து வந்த வேலை நேரம்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் ஆண்டுதோறும் சங்க இலக்கியம் பற்றியும், சிலம்பின் நயம் பற்றியும், ஆலய வரலாறு பற்றியும் அறிஞர் பெருமக்கள் அரிய கட்டுரைகள் எழுதி வருகின்றனர். அத்தகைய புலமை எனக்கில்லை. பள்ளியிறுதி வகுப்புவரை பயின்று, இரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்து, ஊழியர் வருகைப் பதிவும் ரோஸ்டரும் ஓவர்டைம் கணக்கும் எழுதி நாளைக் கழிப்பவன் யான். ஆயினும், நாள்தோறும் என் மேசைமீது கிடக்கும் அந்த ரோஸ்டருக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒருவன் இத்தனை மணி நேரம் உழைக்கலாம், இத்தனை மணி நேரம் ஓய்வு பெறவேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருக்கும் எண்கள் தாமாக வந்து அமர்ந்தவை அல்ல. அவற்றுட் சில வாஷிங்டனிலும் ஜினீவாவிலும் பிறந்து, கப்பலேறி இந்தியாவை அடைந்து, டில்லியில் சட்டமாகி, பின்னர் நம் ஸ்டேஷன்களுக்கும் கேட்டுகளுக்கும் வந்து சேர்ந்தவை. அந்த நெடும் பயணத்தை நம் காலனிக் குடும்பத்தார்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லங்காஷயர் காட்டிய பரிவு

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-ஆம் ஆண்டில் பிறந்தது. அச்சட்டம் வயது வந்த ஆண்களைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை ஆலையில் வேலைக்கு வைக்கலாகாது, ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறாரை நாளொன்றுக்கு 9 மணிக்குமேல் வேலை வாங்கலாகாது என்ற அளவில் நின்றுவிட்டது. அதுவும் நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டுமே பொருந்தியது.

இச்சட்டம் வரக் காரணமாயிருந்தோரில் இருவகையினர் உண்டு. இந்தியக் குழந்தைகளின் நிலை கண்டு உண்மையிலேயே உள்ளம் உருகிய நல்லோர் ஒரு வகையினர். மான்செஸ்டரிலும் லங்காஷயரிலும் துணி நெய்து இந்தியாவில் விற்றுவந்த ஆலை முதலாளிகள் மற்றொரு வகையினர். பம்பாயில் ஆலைகள் பெருகி, மலிவான கூலியில் நீண்ட நேரம் ஓடத் தொடங்கியதும் அவர்தம் வாணிகத்திற்குப் போட்டி எழுந்தது. தங்கள் நாட்டில் ஆலைச் சட்டம் தம்மைக் கட்டுப்படுத்தும்போது இந்திய ஆலைகள் மட்டும் கட்டின்றி ஓடலாமா என்று அவர்கள் பாராளுமன்றத்தில் முறையிட்டனர். ஆகவே, தொழிலாளர் நலனுக்காக வெளிநாட்டிலிருந்து வரும் ஆணைகளைக் குறித்து நம் நாட்டார்க்கு ஐயம் பிறந்ததில் வியப்பில்லை. இது தொழிலாளியின் நன்மைக்கா, அயல்நாட்டு வணிகனின் நன்மைக்கா என்னும் அவ்வினா அன்று எழுந்தது. இன்றும் உலக வாணிக மாநாடுகளில் எழுகின்றது.

ஆனால் இவ்விடத்தில் ஒன்றை மறத்தல் ஆகாது. தந்தவன் உள்ளத்தில் என்ன இருந்தாலும், ஏழு வயதுக் குழந்தை ஆலையிலிருந்து வீடு திரும்பியது மெய். கொடுத்தவன் நோக்கம் வேறு, பெற்றவன் அடைந்த பயன் வேறு. பின்வரும் வரலாறு முழுவதிலும் இவ்விரண்டையும் நாம் தனித்தனியே நிறுத்துப் பார்க்கவேண்டும்.

பெரம்பூரில் எழுந்த குரல்

1891-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் வேலை நேரத்தை 11 மணியாக வரையறுத்தது. ஆடவருக்கென்று ஒரு வரம்பு 1911-ஆம் ஆண்டில்தான் வந்தது. நெசவாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி என்பதே அவ்வரம்பு. பன்னிரண்டு மணி உழைத்து, வீட்டிற்கு நடந்து சென்று, உண்டு உறங்கி, மீண்டும் விடியுமுன் புறப்படும் மனிதனுக்குத் தன் மக்களின் முகத்தை விளக்கொளியில் காண்பதே வாழ்க்கையாயிற்று.

இந்நிலையில்தான் 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பெரம்பூரில் இருந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களே அதன் உயிர்நாடி. செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சலு நாயுடுவும் அதற்கு அடிகோலினர். பி. பி. வாடியா தலைமை ஏற்றார். தமிழ்த்தென்றல் திரு. வி. கல்யாணசுந்தரனார் தம் நாவன்மையை அதற்கு அளித்தார். மேடைத் தமிழைத் தொழிலாளியின் வாயிற்படிக்குக் கொண்டுவந்த பெருமை அவரைச் சாரும்.

அந்த ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் 1920-ஆம் ஆண்டில் வாடியா முதலிய தலைவர்கள்மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. சங்கம் அமைப்பது குற்றமாகிவிடுமோ என்னும் அச்சம் நாடெங்கும் பரவியது. அதன் விளைவாக, தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்று என். எம். ஜோஷி 1921-இல் மத்தியச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் அதன் பயனே. சென்னைத் தமிழ்த் தொழிலாளர் பட்ட துன்பம் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டத்தை ஈன்றது என்று நாம் தலைநிமிர்ந்து கூறலாம்.

வாஷிங்டன் மாநாடும் அறுபது மணியும்

முதல் உலகப் போர் முடிந்தபின் 1919-இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கை எழுதப்பட்டது. போரும் அமைதியும் பற்றிய அவ்வுடன்படிக்கையின் 13-ஆம் பகுதி தொழிலாளரைப் பற்றியதாகும். அதன்படியே அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு தோன்றியது. அப்போது ரஷியாவில் புரட்சி நிகழ்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. உழைப்பவனுக்கு நீதி கிட்டாத நாட்டில் அமைதியும் நிலைக்காது என்பதை ஐரோப்பிய அரசுகள் உணர்ந்திருந்தன.

அவ்வமைப்பின் முதல் மாநாடு 1919-ஆம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் வாஷிங்டன் நகரில் கூடியது. இந்தியா அடிமை நாடாயிருந்தும் அதில் தொடக்க உறுப்பினராக இடம் பெற்றது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அரசின் சார்பில் இருவர், முதலாளிகள் சார்பில் ஒருவர், தொழிலாளர் சார்பில் ஒருவர் வருதல் வேண்டும் என்பது அம்மாநாட்டின் விதி. இந்தியத் தொழிலாளர் சார்பில் சென்றவர் மேற்கூறிய ஜோஷியே.

அம்மாநாடு இயற்றிய முதல் உடன்படிக்கை, நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்பதாகும். ஆனால் எல்லா நாட்டார்க்கும் அது ஒன்றுபோல் அமையவில்லை. அதன் 10-ஆவது பிரிவு பிரிட்டிஷ் இந்தியாவுக்கென்று தனியே எழுதப்பட்டது. இந்தியாவில் தொழிற்சாலைச் சட்டத்திற்கு உட்பட்ட ஆலைகளிலும், சுரங்கங்களிலும், அரசு குறிப்பிடும் இரயில்வேப் பணிகளிலும் வாரத்திற்கு 60 மணி என்பதே வரம்பு என்று அப்பிரிவு கூறிற்று. ஜப்பானுக்கு வேறோர் எண்; சீனா, பாரசீகம், சயாம் ஆகிய நாடுகளுக்கு அவ்வுடன்படிக்கை பொருந்தவே இல்லை. ஐரோப்பியனின் உடல் 48 மணியில் களைக்கும், இந்தியனின் உடல் 60 மணியில் களைக்கும் என்று எண்ணினர் போலும்!

இருப்பினும் இதில் இரண்டு நன்மைகள் விளைந்தன. இந்தியா 1921-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் அவ்வுடன்படிக்கையை ஏற்றது. அடுத்த ஆண்டே தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, நாளொன்றுக்கு 11 மணி, வாரத்திற்கு 60 மணி என்பது ஆடவர்க்கும் சட்டமாயிற்று. இது முதல் நன்மை. மற்றொன்று, ஜினீவா மாநாட்டிற்குத் தொழிலாளர் பிரதிநிதியை அனுப்ப வேண்டுமானால் அவரைத் தேர்ந்தெடுக்க ஒரு நாடு தழுவிய சங்கம் வேண்டும் என்ற தேவை எழுந்தது. 1920-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் பம்பாயில் லாலா லஜபதிராய் தலைமையில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோன்றியதற்கு இத்தேவையும் ஒரு காரணமாகும்.

ஈண்டு ஒரு வேடிக்கையையும் குறித்தல் வேண்டும். இந்தியாவை ஆண்ட இங்கிலாந்து, தன் நாட்டிற்கு அந்த முதல் உடன்படிக்கையை ஏற்றுக்கொள்ளவே இல்லை. ஆளப்பட்ட நாடு கையொப்பமிட்டது; ஆண்ட நாடு கைகட்டி நின்றது.

இரயில்வேயில் ஒன்பது ஆண்டுக் காத்திருப்பு

உடன்படிக்கையில் இரயில்வேயும் சேர்ந்திருந்தது என்று கண்டோம். ஆயின் இரயில்வே ஊழியர்க்கு அப்பயன் உடனே கிட்டியதா? இல்லை. 1921-இல் கையொப்பமிட்ட அரசு, 1890-ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டத்தைத் திருத்தி வேலை நேரத்தைப் பற்றிய புதிய அதிகாரத்தைச் சேர்த்தது 1930-ஆம் ஆண்டில்தான். விதிகள் 1931-இல் எழுதப்பட்டன. அவையும் எல்லா இரயில்வேக்களிலும் ஒரே நாளில் நடைமுறைக்கு வராமல் ஒவ்வொன்றாகவே வந்தன. வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்பதைக் கூறும் 1921-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 1923-இல் ஏற்றிருந்தும், அந்த ஓய்வுநாள் இரயில்வே ஊழியனின் ரோஸ்டரில் ஏறுவதற்கு ஏழெட்டு ஆண்டுகள் ஆயின.

இந்தக் காத்திருப்பின் காலத்தில் ஊழியர் வாளா இருந்தாரல்லர். 1927-இல் ஜினீவாவிற்குத் தொழிலாளர் பிரதிநிதியாகச் சென்ற வி. வி. கிரி, இரயில்வேத் தொழிலாளர் இயக்கத்தில் ஊறியவர். பின்னாளில் நம் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்தவர். 1928-இல் தென்னிந்திய இரயில்வேயில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சென்னைக் கடற்கரையில் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர், அவ்வேலைநிறுத்தத்தின் பொருட்டுச் சிறை புகுந்தார்.

1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வகையை நம் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம். அது ஊழியரை இருவகையாகப் பிரித்தது. இடைவிடாது வேலை செய்வோர்க்கு வாரத்திற்கு 60 மணி. இடையிடையே வேலையின்றி இருக்க நேர்வோர்க்கு 84 மணி! ஏழு நாளும் பன்னிரண்டு மணி நேரம் என்று கணக்கிட்டுப் பார்த்தால் 84 வரும். லெவல் கிராசிங்கில் நிற்கும் கேட்மேன் போன்றோர் இந்த இரண்டாம் வகையினர். வண்டி வராத நேரத்தில் அவர் சும்மாதானே இருக்கிறார் என்பது சட்டத்தின் வாதம். வண்டி வராவிட்டாலும் அவர் அவ்விடத்தைவிட்டு அகல முடியாது. மகன் காய்ச்சலில் கிடந்தாலும் ஓடிவந்து பார்க்க முடியாது. காத்திருப்பதும் ஒரு வேலையே என்பதை அக்காலச் சட்டம் அறியவில்லை.

இராஜாத்தியட்சா தீர்ப்பு

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு விலைவாசி ஏறியது. ஆட்குறைப்பு அச்சம் பரவியது. 1946-இல் அகில இந்திய இரயில்வே ஊழியர் சம்மேளனம் நாடு தழுவிய வேலைநிறுத்தத்திற்கு ஆயத்தமாயிற்று. அரசு, பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி ஜி. எஸ். இராஜாத்தியட்சாவை நடுவராக அமர்த்தியது. அதே ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில், வேலைநிறுத்தம் செய்த தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்து ஐவர் உயிர் நீத்தனர். பொன்மலையில் இன்றும் அந்நாளைத் தியாகிகள் நாளாக நினைவுகூர்கின்றனர். நம் காலனியில் பொன்மலைப் பூர்விகமுள்ள குடும்பங்கள் இதனை நன்கறியும்.

நடுவரின் தீர்ப்பு 1947-இல் வெளிவந்தது. கடும் உழைப்புப் பணிக்கு வாரத்திற்கு 45 மணி, தொடர் பணிக்கு 54 மணி, இடைவிட்ட பணிக்கு 75 மணி என்று அது வகுத்தது. 60 என்பது 54 ஆனது. 84 என்பது 75 ஆனது. சுதந்திர இந்தியாவின் அரசு 1948-இல் இதனை ஏற்றது. ஆயினும் சட்டம் திருத்தப்பட்டது 1956-இல். விதிகள் வந்தது 1961-இல். தீர்ப்பிற்கும் விதிப் புத்தகத்திற்கும் இடையே பதினான்கு ஆண்டுகள்!

ஆலைத் தொழிலாளர் இதற்குள் முன்னேறிச் சென்றுவிட்டனர். 1934-ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்திற்கு 54 மணி என்றது. டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த காலத்தில் 1946-ஆம் ஆண்டுத் திருத்தம் நிறைவேறி, 48 மணி வாரம் சட்டமாயிற்று. வாஷிங்டனில் ஐரோப்பியர்க்கு எழுதப்பட்ட எண்ணை இந்திய ஆலைத் தொழிலாளி 27 ஆண்டுகள் கழித்துப் பெற்றான். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதனை உறுதிப்படுத்தியது.

இரயில்வேயில் 1969-இல் நியமிக்கப்பட்ட நீதிபதி மியாபாய் தலைமையிலான தீர்ப்பாயம் மீண்டும் இவ்வினாவை ஆராய்ந்து 1972-இல் அறிக்கை தந்தது. எஞ்சின் ஓட்டுநர் முதலிய ஓடும் பணியாளரின் எட்டு மணிக் கோரிக்கை, 1974-ஆம் ஆண்டு மே 8 முதல் 27 வரை நடந்த மாபெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் முன் நின்றது. பல்லாயிரவர் சிறைப்பட்டனர், பலர் வேலை இழந்தனர், நம் தந்தையர் காலத்துக் காலனிகளில் அடுப்பெரியாத வீடுகள் அந்த இருபது நாளில் எத்தனையோ. இப்போது நடைமுறையிலுள்ள 1989-ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டமும் 2005-ஆம் ஆண்டு விதிகளும் அந்த 45, 54, 75 என்னும் எண்களையே உச்ச வரம்பாகக் கொண்டுள்ளன. அதற்கு மேல் வேலை வாங்கினால் இருமடங்கு ஊதியம் தரவேண்டும். வாரத்தில் தொடர்ந்து 30 மணி நேர ஓய்வு பொதுவாக உண்டு. இடைவிட்ட பணியினர்க்கு முழு இரவையும் உள்ளடக்கிய 24 மணி ஓய்வு உண்டு.

மைசூர்ச் சீமையும் தங்கவயலும்

பெங்களூரில் வாழும் நமக்கு இன்னொரு செய்தியும் தெரிந்திருத்தல் வேண்டும். 1864-ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டுப் பகுதிக்கு இரயில் வந்தது முதல் தமிழ் மக்கள் பெருந்திரளாக இங்கு வந்தனர். பின்னி நிறுவனம் நடத்திய பெங்களூர் ஆலையிலும், கோலார் தங்கவயலிலும் உழைத்தோரில் தமிழர் மிகப் பலர். வட ஆர்க்காட்டின் ஊர்கள் பலவற்றிலிருந்து ஆண்களும் பெண்களும் தங்கவயலுக்குச் சென்று குடியேறினர்.

ஜினீவாவில் இந்தியா ஏற்ற உடன்படிக்கைகள் பிரிட்டிஷ் இந்தியாவை மட்டுமே கட்டுப்படுத்தின. சமஸ்தானங்களை அவை கட்டுப்படுத்தவில்லை. பெங்களூரில் தண்டுப் பகுதி 1947 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்தது; பேட்டைப் பகுதி மைசூர் அரசின்கீழ் இருந்தது. ஒரே ஊரில், நடந்து சென்றால் ஒரு மணி நேரத் தொலைவில், வேறு வேறு சட்டங்கள் ஆட்சி செய்த காலம் அது. தங்கவயலோ முற்றும் மைசூர் மண்.

ஆகவே மைசூர்ச் சீமைத் தொழிலாளி தன் வழியைத் தானே வெட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. 1930-இல் தங்கவயல் சுரங்கத் தொழிலாளரைக் குற்றவாளிகளைப்போல் கைரேகை வைத்துப் பதிவு செய்ய நிர்வாகம் முற்பட்டபோது, அவர்கள் ஒருமுகமாக வேலையை நிறுத்தினர். அன்று அங்கே பதிவு பெற்ற தொழிற்சங்கம் ஏதும் அவர்களை வழிநடத்தவில்லை. மானம் என்னும் ஒன்றே அவர்களைத் திரட்டியது. 1942-ஆம் ஆண்டில்தான் மைசூர் அரசு தொழிலாளர் சட்டம் இயற்றிச் சங்கங்களுக்கு இடமளித்தது. அச்சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்பட்டுவிட்டன. ஆயினும் அம்மக்களின் பிள்ளைகள் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருவதை நாம் நாள்தோறும் காண்கின்றோம்.

ஐரோப்பாவின் கட்டளை நெறிகள்

இனி, கடலுக்கு அப்பால் இன்று நடப்பதையும் சிறிது நோக்குவோம். ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகளுக்குக் கட்டளை நெறிகள் விதிக்கின்றது. அடையவேண்டிய பயனை அந்நெறி சொல்லும்; அதனை எவ்வகைச் சட்டத்தால் அடைவது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்து கொள்ளலாம்; ஆனால் குறித்த காலத்திற்குள் செய்து முடித்தல் வேண்டும். 1993-ஆம் ஆண்டின் வேலை நேர நெறி, ஓவர்டைம் உட்பட வாரத்திற்குச் சராசரி 48 மணி, நாள்தோறும் தொடர்ந்து 11 மணி ஓய்வு, ஆண்டுக்கு நான்கு வாரச் சம்பள விடுமுறை ஆகியவற்றை விதித்தது.

இங்கிலாந்து இதனை எதிர்த்து லக்சம்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தில் வழக்காடி 1996-இல் பெரும்பாலும் தோற்றது. 1998-இல் வேறு வழியின்றி விதிகளை இயற்றிற்று. சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுமுறை என்னும் பொது உரிமை ஆங்கிலத் தொழிலாளர்க்குச் சட்டப்படி கிட்டியது அப்போதுதான்! இந்திய ஆலைக்குச் சட்டம் எழுதிய நாட்டிற்கே வெளியூர் நீதிமன்றம் சட்டம் சொன்னது. 2020-இல் அந்நாடு ஒன்றியத்தை விட்டு விலகியபின்னும் அவ்விதிகளை அடியோடு களைந்துவிடவில்லை. ஒருமுறை தொழிலாளி துய்த்த உரிமையை மீட்டுக்கொள்வது அரசுகளுக்கு எளிதன்று.

ஜினீவாவின் உடன்படிக்கைக்கும் ஐரோப்பாவின் நெறிக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்கும். ஜினீவா கேட்கும், அறிக்கை பெறும், குறை கண்டால் மாநாட்டில் எடுத்துச் சொல்லும். அதற்குச் சிறையும் இல்லை, சேவகனும் இல்லை. நம் அரசியலமைப்பின் 253-ஆவது பிரிவின்படி அனைத்துலக உடன்பாட்டை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரம் பாராளுமன்றத்திற்கு உண்டு. ஆனால் சட்டம் இயற்றும்வரை அவ்வுடன்பாடு தானாகத் தொழிலாளிக்கு உரிமை தந்துவிடாது. ஐரோப்பாவிலோ, நெறியைச் சட்டமாக்கத் தவறிய அரசே இழப்பீடு தரவேண்டும் என்று 1991-இல் தீர்ப்பாயிற்று. இத்தாலியில் முதலாளி நொடித்துப் போனதால் சம்பளம் இழந்த தொழிலாளர் தொடுத்த வழக்கு அது.

எழுத்தனாகிய என் நெஞ்சில் ஆழப் பதிந்தது 2019-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று. ஸ்பெயின் நாட்டுத் தொழிற்சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில், ஊழியர் நாள்தோறும் உழைத்த நேரத்தை முதலாளி முறையாகப் பதிவு செய்தே தீரவேண்டும் என்று லக்சம்பர்க் நீதிமன்றம் கூறியது. பதிவு இல்லையேல் வரம்பு மீறப்பட்டதா என்று எப்படி அறிவது? சட்டப் புத்தகத்தில் எத்துணை நல்ல எண் இருந்தாலும், அன்றாட ஏட்டில் வந்த நேரமும் போன நேரமும் உள்ளபடி எழுதப்படாவிட்டால் அவ்வெண் பயனற்றுப் போகும்.

மீண்டும் வந்த அறுபது

வரலாறு பழைய கதைதானே என்று எண்ணுவோர்க்கு ஒரு நிகழ்ச்சி. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது, இந்திய மாநிலங்கள் பல தொழிற்சாலை வேலை நேரத்தை நீட்டி அறிவிப்புகள் வெளியிட்டன. கர்நாடக அரசும் அவ்வாண்டு மே மாதம் நாளொன்றுக்கு 10 மணி, வாரத்திற்கு 60 மணி என்று அறிவித்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் வாஷிங்டனில் இந்தியனுக்கென்று தனியே எழுதப்பட்ட அதே 60! தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மத்தியத் தொழிற்சங்கங்கள் ஜினீவாவிற்கும் எழுதின, அங்கிருந்து இந்திய அரசுக்கு வேண்டுகோளும் வந்தது. கர்நாடக அறிவிப்பு ஜூன் மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. குஜராத் அரசின் அத்தகைய அறிவிப்பை உச்சநீதிமன்றம் அக்டோபர் முதல் நாளன்று செல்லாதென்றது.

2023-இல் கர்நாடகம் சட்டத்தையே திருத்தி, வாரத்திற்கு 48 மணி என்ற வரம்பை வைத்துக்கொண்டு நாளொன்றுக்கு 12 மணி வரை வேலை வாங்க வழி செய்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஏப்ரல் மாதம் நிறைவேறிய அத்தகைய மசோதா, எதிர்ப்பின் விளைவாக மே தினத்தன்று கைவிடப்பட்டது. 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றின் இடத்தில் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. எட்டு மணி நாள் என்னும் சொல் அவற்றிலும் உள்ளது. அச்சொல்லுக்குப் பொருள் தருபவை மாநிலங்கள் எழுதும் விதிகளே.

நம் பிள்ளைகள் பலர் இன்று இரயில்வேயில் இல்லை. பீன்யாவில் தையல் ஆலைகளிலும், கணினி நிறுவனங்களிலும், கைப்பேசிச் செயலியின் ஏவலுக்கு வண்டியோட்டி உணவு சேர்க்கும் வேலையிலும் உள்ளனர். இந்தக் கடைசி வகையினர் தொழிலாளரா அல்லரா என்ற வினாவுக்கே ஐரோப்பா 2024-இல் ஒரு கட்டளை நெறி இயற்றியது. கர்நாடகமும் 2025-இல் அவர்தம் நலனுக்கெனச் சட்டம் இயற்றி, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் நலநிதிக்கு ஒரு பங்கு எடுக்க வகை செய்தது. ஆர்டர் வரும்வரை தெருவோர மரத்தடியில் காத்திருக்கும் அந்த இளைஞனுக்கும், வண்டி வரும்வரை கேட்டில் காத்திருந்த அந்நாளைய கேட்மேனுக்கும் வழக்கு ஒன்றே. காத்திருக்கும் நேரம் யாருடைய நேரம் என்பதே அவ்வழக்கு. 84-இலிருந்து 75-க்கு இறங்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின என்பதை அவன் அறிந்தால் சோர்வடையமாட்டான், வாளாவிருக்கவும் மாட்டான்.

நாம் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? வெளிநாட்டு மாநாடு ஓர் எண்ணைத் தரும். அரசு அதில் கையொப்பமிடும். சட்டசபை அதனைச் சட்டமாக்கும். அதிகாரி விதி எழுதுவார். எம்போன்ற எழுத்தர் ரோஸ்டர் எழுதுவோம். இந்த ஐந்து படிகளில் ஏதேனும் ஒன்றில் எண் தங்கிவிட்டால் தொழிலாளியின் வீடு வந்து சேராது. 1921-க்கும் 1930-க்கும் இடையிலும், 1947-க்கும் 1961-க்கும் இடையிலும் அது தங்கியே கிடந்தது. அதனைத் தள்ளி நகர்த்தியவர்கள் பெரம்பூரிலும் பொன்மலையிலும் தங்கவயலிலும் இருந்த எளிய மக்களே.

ஆகவே நம் காலனி அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பணி எவ்வகையில் சேர்க்கப்பட்டுள்ளது என்று கேட்டறியுங்கள். பணிநேரத்தில் பாதிக்குக் குறையாமல் வேலையற்ற நேரம் இருந்தால்தான் ஒரு பணியை இடைவிட்ட பணி எனலாம் என்பது சட்டம். வண்டிகள் பெருகி அந்நிலை மாறியிருந்தால், ஜாப் அனாலிசிஸ் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. தகராறு எழுந்தால் மண்டலத் தொழிலாளர் ஆணையரிடம் முறையிட வழியுண்டு. வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒரு சிறு நோட்டில் நீங்களே குறித்து வையுங்கள். தாய்மார்களும் தம் மக்களிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை மணி நேர வேலை, வாரத்தில் எந்நாள் ஓய்வு என்றும் கேட்பாராக. நம் சங்க நூலகத்தில் புலவர் நூல்களோடு தொழிலாளர் சட்ட நூல் ஒன்றையும் வாங்கி வைக்குமாறு செயற்குழுவினரை வேண்டுகிறேன்.

மாலையில் நம் சங்கக் கூடத்தில் கூடித் தமிழ் பேசவும், பிள்ளைகட்குத் தாய்மொழி கற்பிக்கவும், விழா எடுக்கவும் நமக்கு நேரம் வாய்த்திருக்கின்றது. பன்னிரண்டு மணி உழைத்த நம் பாட்டனார்க்கு அது வாய்க்கவில்லை. அந்த நேரத்தைப் பெற்றுத் தந்தவர்களுக்கு நன்றி கூறி, அதனைக் குறைவின்றி நம் மக்களுக்கும் விட்டுச் செல்வோமாக.

உழைப்போர் வாழ்க! தமிழ் வாழ்க!